ஆடிப் பயணத்துக்கு ஒரு கேனும் ஒரு கயிறும்

(மட்டக்களப்பு யாத்திரைக்குப் பெயர் கொடுத்தவர்களுக்காக, தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் எமது நலன்புரிக் குழுவினர் ஆற்றிய பேச்சு. மலையில் வேலை இருந்ததால் வர முடியாமல் போனவர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் இங்கே அச்சிடப்படுகிறது.)



கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்திருக்கிறீர்கள். களைப்பு இருக்கும், அடுப்பில் உலை வைக்கிற நேரமும் இதுதான். எங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு அரைமணி நேரம் பொறுமையாகக் கேளுங்கள். இன்றைக்கு நாங்கள் சம்பளத்தைப் பற்றியோ வீட்டுக் கடனைப் பற்றியோ பேச வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் கேன், ஒரு கயிறு, ஒரு விசில், ஒரு ஈரச் சாக்கு, கொஞ்சம் வெள்ளித்தாள் – இதுகளைப் பற்றித்தான் பேசப் போகிறோம். சிரிக்கிறீர்கள். மூன்று வருடத்துக்கு முன் யாராவது இப்படிப் பேசியிருந்தால் நாங்களும் சிரித்துத்தான் இருப்போம்.

மூன்று வருடத்துக்கு முன் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு தடவை சொல்கிறோம். மாதாமாதம் சேர்த்த காசில் ஒரு வான் பிடித்து, ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் போனோம். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம், உங்களுக்குத் தெரியாததல்ல. தகப்பன் இல்லாதவர்கள் தகப்பனை நினைத்து விரதம் இருந்து தீர்த்தமாடுகிற நாள். நம்ம லயத்து அண்ணன் ஒருவர், செத்துப்போன தன் தகப்பனுக்காகத் தீர்த்தமாட முதல் நாளே வந்தார். திரும்பி வரவில்லை. அவருடைய மனைவி இப்போது இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். "சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்" என்று எங்களிடம் சொன்னவரே அவர்தான். அதனால்தான் மறைக்காமல் சொல்கிறோம்.

அன்றைக்கு நடந்தது

விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். இங்கே தூறலும் பனியும். நுவரெலியா, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, பதியத்தலாவை, மகா ஓயா, செங்கலடி என்று போகிற பாதை. லுணுகலை தாண்டி இறங்க இறங்க சுவெட்டரைக் கழற்றினோம். மகா ஓயாவுக்கு வந்தபோது ஜன்னலால் வந்த காற்று அடுப்படிக் காற்றுப் போல இருந்தது. புல்லுமலைப் பக்கம் வான் புகை கக்கி நின்றுவிட்டது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. எங்களிடம் இருந்த குடிதண்ணீரை அதற்கு ஊற்றினோம். பிறகு குடிக்கத் தண்ணீர் இல்லை. இரண்டரை மணி நேரம் ரோட்டோரம் நின்றோம். பிள்ளைகள் அழுதார்கள்.

மத்தியானத்துக்கு முன் போய்ச் சேர வேண்டியவர்கள் பின்னேரம்தான் போனோம். உடம்பெல்லாம் சூடு, எல்லாருக்கும் குளிக்கிற அவசரம். ஆட்கள் குளிக்கிற இடத்தைத் தேடிப் போக யாருக்கும் பொறுமையில்லை. வாவி கடலோடு சேர்கிற பக்கமாக, முதலில் கண்ட தண்ணீரில் இறங்கினோம். பதினான்கு வயதுத் தம்பி ஒருவன் டயர் டியூப்பில் ஏறி மிதந்தான். காற்று அவனைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போனது. அவன் பயந்து கத்தினான். அந்த அண்ணன் சாரத்தோடு குதித்தார். நீச்சல் அவருக்கு எவ்வளவு தெரியும்? நம்ம ஆற்றில் பள்ளம் பார்த்துக் குளிக்கிற அளவுக்குத்தான்.

தம்பியை ஒரு தோணிக்காரர் தூக்கினார். டியூப் அவனை மிதக்க வைத்திருந்தது, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணனை இருட்டின பிறகுதான் எடுத்தார்கள். அந்தத் தோணிக்காரப் பெரியவர் எங்களைப் பார்த்துக் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இவ்வளவு பேர் வந்திருக்கிறீங்க, கயிறு ஒண்டு கொண்டு வரல்லையா மனே?"

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, தேங்காய் எத்தனை என்று இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் எழுதிக்கொண்டு போனவர்கள் நாங்கள். அதில் கயிறு இல்லை. வான் சூடேறினால் என்ன செய்வது என்றும் இல்லை. பிழை வானிலோ தண்ணீரிலோ இல்லை, நம்மிடம்தான். வான் சூடேறியதால் நேரம் போனது. நேரம் போனதால் அவசரம் வந்தது. அவசரத்தால் தெரியாத இடத்தில் இறங்கினோம். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வந்த சங்கிலி அது. அந்தச் சங்கிலியில் ஒரு வளையத்தையாவது அறுத்துவிட்டால் ஓர் உயிர் தப்பும்.

ஒரே மாசம், இரண்டு நாடு போல

ஆடி மாதம் நமக்கு மழைக்காலம். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, அட்டன், நுவரெலியா மலைகளில் மோதி மழையாகக் கொட்டிவிடுகிறது. ஈரத்தை இங்கே இறக்கிவிட்ட அதே காற்று மலையைத் தாண்டிக் கீழே இறங்கும்போது காய்ந்து சூடாகிவிடுகிறது. அதைத்தான் மட்டக்களப்பு மக்கள் கச்சான் காற்று என்கிறார்கள். நம்ம லயத்துக் கூரையில் மழை விழுகிற அதே நாளில் அங்கே தரை வெடிக்கிறது. நுவரெலியாவில் வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும்போது, அங்கே பகலில் 35 பாகைக்கும் மேலே போகும். விடியற்காலையில் குளிரில் ஏறி, மத்தியானம் அந்தச் சூட்டில் இறங்குகிறோம். நம்ம உடம்பும் பழகவில்லை, இங்கே மலைப் பாதையில் ஓடிப் பழகின வானும் பழகவில்லை.

இந்தக் காற்றில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அது மேற்கே தரையிலிருந்து கிழக்கே கடலை நோக்கி வீசுகிறது. அதனால் கரையோரத்தில் அலை அடங்கி, தண்ணீர் தட்டுப்போல இருக்கும். "கடல் எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க" என்போம். அந்த அமைதியில்தான் டியூப்பும், காற்றடிச்ச மெத்தையும், பந்தும் வெளியே போகும். பந்து போனால் போகட்டும் என்று பிள்ளைகளுக்கு இன்றைக்கே சொல்லி வையுங்கள். பந்தின் பின்னால் நீந்திப் போனவன் திரும்பும்போது காற்றை எதிர்த்து வர வேண்டும்.

வானுக்குச் செய்ய வேண்டியது

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை, சாரதி அண்ணனோடு நம்ம குழுவில் இரண்டு பேர் நின்று பார்க்க வேண்டும். "நாங்க பாத்துக்குவோம்" என்று அவர் சொன்னாலும் நில்லுங்கள். பார்க்க வேண்டியது நான்கு: ரேடியேட்டர் தண்ணீர், பேன் பெல்ட், தண்ணீர்க் குழாய்களில் கசிவு, டயர் காற்று. டயர் காற்றை வண்டி ஓடுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஓடின டயரில் சூட்டினால் அமுக்கம் கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிட்டால், டயர் மெலிந்து இன்னும் சூடேறும்.

பசறையிலிருந்து பிபிலைக்கு இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். சின்ன கியரில் மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். "அண்ணே, அவசரம் இல்ல, மெதுவா போங்க" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். காசு கொடுத்து ஏறியிருப்பது நாம்.

ஹீட் முள் ஏறினால் உடனே ஓரம் கட்ட வேண்டும். "அடுத்த டவுன் மட்டும் போவோம்" என்று போனால் என்ஜின் போய்விடும். ஏ.சி. போட்டிருந்தால் நிறுத்துங்கள். என்ஜினை நிறுத்தி, ஆட்களை எல்லாம் இறக்கி நிழலுக்குக் கொண்டு போங்கள். குறைந்தது அரைமணி நேரம் ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது. அதற்குள்ளே தண்ணீர் அமுக்கத்தில் இருக்கிறது. திறந்த சட்டியில் 100 பாகையில் கொதிக்கிற தண்ணீர், மூடி போட்ட ரேடியேட்டருக்குள்ளே அதைவிட மேலே போயும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த கணமே அது கொதித்து முகத்தில் அடிக்கும். பிரஷர் குக்கரை வைத்து நினைத்துப் பாருங்கள்.

ஆறின பிறகு தடித்த துணியை மூடியின் மேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். தண்ணீரையும் மெதுவாக ஊற்ற வேண்டும். கொதிக்கிற என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் இரும்பு வெடிக்கும். அடுப்பில் காய்ந்த மண்சட்டியில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும்? அதேதான். வாவித் தண்ணீரையோ கடல் தண்ணீரையோ ரேடியேட்டருக்கு ஊற்றவே கூடாது. உப்பு உள்ளே இருந்து தின்றுவிடும்.

இந்த முறை வானுக்கென்று தனியாகப் பத்து லீட்டர் கேன் ஒன்று வைக்கிறோம். அதன் மேல் சிவப்புச் சாயம் அடித்திருக்கிறது. குடிக்கிற தண்ணீர் வேறு, வான் தண்ணீர் வேறு. ஆளுக்கு மூன்று லீட்டர் வீதம் குடிதண்ணீர் ஏற்றுகிறோம். அதோடு ஜீவனிப் பைக்கற்றும் வரும்.

வானுக்கு உள்ளே

மட்டக்களப்பில் வெயிலில் நிறுத்தி மூடின வான் சும்மா சூடாவதில்லை. கண்ணாடி வழியாக வெயில் உள்ளே வருகிறது, உள்ளே உண்டான சூடு வெளியே போக வழியில்லை. மூடின வாகனத்துக்குள்ளே 20 நிமிடத்தில் 10 பாகைக்கு மேல் ஏறும். வெளியே 35 என்றால், அரைமணி நேரத்தில் உள்ளே 50ஐத் தாண்டலாம். ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கி விட்டால் போதும் என்று நினைப்பது பிழை; அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. சின்னப் பிள்ளைகளின் உடம்பு நம்ம உடம்பைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். "புள்ள தூங்குது, எழுப்ப வேணாம், அஞ்சு நிமிசத்துல வந்துருவோம்" – இந்தப் பேச்சு இந்தப் பயணத்தில் கேட்கக் கூடாது. தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். வானைப் பூட்டுவதற்கு முன் கடைசி ஆசனம் வரைக்கும் போய்ப் பார்ப்பது சாரதிக்கும் குழுத் தலைவருக்கும் உள்ள வேலை.

இனி நம்ம கைவேலை. முந்தின காலத்துத் தேயிலைப் பெட்டிகளுக்குள்ளே பளபளவென்று ஒரு தாள் ஒட்டியிருந்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுபோன்ற வெள்ளித்தாளை பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒட்டி, வானின் முன் கண்ணாடி அளவுக்கு வெட்டி வைத்திருக்கிறோம். வான் நிற்கும்போது பளபளப்புப் பக்கம் வெளியே பார்க்கக் கண்ணாடிக்குள் வைத்தால், வெயில் பட்டுத் திரும்பிப் போகும். ஸ்டியரிங்கும் ஆசனமும் கை வைக்கக்கூடியதாக இருக்கும். கடையில் விற்கிற மடக்குத் திரையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

திரும்ப ஏறும்போது உடனே ஏறி உட்காராதீர்கள். ஒரு பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டு, எதிர்ப்பக்கக் கதவை ஐந்தாறு தரம் விசிறி போல் திறந்து மூடுங்கள். உள்ளே நின்ற சூடு வெளியே போய்விடும். பெல்ட்டின் இரும்புக் கொளுக்கியைப் பிள்ளையின் தோலில் படுவதற்கு முன் உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள்.

தண்ணீர்க் கேன்களை ஈரச் சாக்கால் சுற்றி, காற்றுப்படுகிற நிழலில் வையுங்கள். சாக்கிலுள்ள ஈரம் காயும்போது கேனிலுள்ள சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். கச்சான் காய்ந்த காற்று என்பதால் இந்த வேலை அங்கே நன்றாக நடக்கும். நம்மைச் சுடுகிற காற்றே தண்ணீரைக் குளிரவைத்துத் தரும்.

பிள்ளைகள் இப்போது கையில் சின்னச் சின்ன மின்விசிறி வைத்திருக்கிறார்கள். அது காற்றைக் குளிராக்காது, இருக்கிற காற்றைத்தான் வீசும். முகத்தைத் துணியால் நனைத்துவிட்டு வீசினால்தான் குளிரும். கைத்தொலைபேசி, லைட்டர், சென்ட் டின் இவற்றை முன் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் விடாதீர்கள். பெட்டரி வீங்கும், டின் வெடிக்கும்.

யாராவது தலைசுற்றுகிறது, வாந்தி வருகிறது என்றால் நிழலில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுங்கள். பேச்சுத் தடுமாறினால், உடம்பு நெருப்பாகச் சுட்டால், உடனே உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990க்கு அழையுங்கள். அது சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை.

அந்த வாவியைத் தெரிந்துகொள்வோம்

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளம். கடலுக்கு இணையாக, தெற்கு வடக்காகக் கிடக்கிறது. பட்டினத்தின் நடுப்பகுதியான புளியந்தீவே வாவிக்குள்ளே உள்ள ஒரு தீவுதான். 1924ஆம் ஆண்டளவில் கட்டின பழைய கல்லடிப் பாலமும், அதன் பக்கத்தில் 2013இல் திறந்த புதிய பாலமும் இந்த வாவியின் மேல்தான் போகின்றன. அந்தப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் மீன் பாடும் என்பார்கள். மீன்பாடும் தேனாடு என்ற பெயர் அதனால் வந்தது.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இறங்குவதற்கு முன் நாலு விஷயம் தெரிய வேண்டும். முதலாவது, நம்ம ஆற்றுத் தண்ணீர் போல அது தெளிவில்லை; அடி தெரியாது. இரண்டாவது, பல இடங்களில் இடுப்பளவு, மார்பளவுதான் தண்ணீர். ஆனால் அடியில் சேறு. கால் புதைந்தால் நீச்சல்காரனும் தடுமாறுவான். மூன்றாவது, பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாறு ஆகிய இடங்களில் வாவி கடலோடு சேர்கிறது. வாய் திறந்திருக்கும்போது தண்ணீர் உள்ளேயும் வெளியேயும் இழுக்கும். இன்றைக்கு மணல் இருந்த இடத்தில் நாளைக்குப் பள்ளம் இருக்கும். அந்த இடங்களில் குளிப்பதில்லை என்று இந்த முறை முடிவு எடுத்திருக்கிறோம். நான்காவது, வாவியில் முதலை உண்டு. கண்டல் மரம் நிற்கிற கரையிலும் புல் மண்டின கரையிலும் இறங்க வேண்டாம். இருட்டின பிறகு எங்கேயும் இறங்க வேண்டாம்.

குளிக்க ஆசை என்றால் பாசிக்குடா இருக்கிறது. வெகுதூரம் வரை ஆழமில்லாத குடா அது. அங்கேயும் உள்ளூர் ஆட்கள் குளிக்கிற இடத்தில், அவர்களைக் கேட்டுத்தான் இறங்க வேண்டும். மாமாங்கத் தீர்த்தக் குளத்தில் கூட்டம் நெருக்கும். படி வழுக்கும். பிள்ளையின் கை உங்கள் கையில் இருக்க வேண்டும். "பக்கத்துலதான் நின்னான்" என்பது போதாது.

கேனும் கயிறும்

இப்போது எங்கள் கையில் இருக்கிற இந்தச் சாமானைப் பாருங்கள். ஐந்து லீட்டர் எண்ணெய்க் கேன். கழுவி, மூடியை இறுக்கி, கைபிடியில் பதினைந்து மீட்டர் நைலோன் கயிறு கட்டியிருக்கிறது. தண்ணீரில் ஒரு ஆளின் தலையை மேலே வைத்திருக்க நான்கு ஐந்து கிலோ தாங்கு சக்தி போதும். காலிக் கேன் ஐந்து லீட்டர் என்றால் ஏறக்குறைய ஐந்து கிலோ தாங்கும். அதாவது, ஒரு ஆளுக்கு ஒரு கேன் போதும், அவர் அதை விடாமல் பிடித்துக்கொண்டால்.

கேனுக்குள்ளே ஒரு கப் தண்ணீர் விட்டிருக்கிறோம். வெறும் கேன் காற்றில் பறந்து வேறு பக்கம் போகும். கொஞ்சம் கனம் இருந்தால் எறிந்த இடத்தில் விழும். எறியும்போது ஆளின் தலைக்கு மேலால், அவரைத் தாண்டி விழ எறிந்து, பிறகு கயிற்றை இழுத்துக் கையில் கொடுக்க வேண்டும். கயிற்றின் மற்ற முனையைக் காலால் மிதித்துக்கொள்ளுங்கள். கையில் சுற்றிக்கொண்டால் உங்களையும் இழுத்துவிடும். நாளைக்குப் பின்னேரம் விளையாட்டு மைதானத்தில் எல்லாரும் எறிந்து பழக வேண்டும். அம்மாமாரும்தான். கொழுந்துக் கூடை சுமக்கிற தோளுக்கு இது ஒரு பாரமா?

கயிறு இல்லாத நேரத்தில் சேலை இருக்கிறது. ஐந்தரை மீட்டர் சேலை. இரண்டு சேலையை இறுக்கி முடிந்தால் பத்து மீட்டர். நீளத் தடியும் உதவும். படுத்துக்கொண்டு நீட்டினால் நீங்கள் விழ மாட்டீர்கள். முறை இதுதான்: முதலில் கத்தி ஆளைக் கூப்பிடு, பிறகு நீட்டு, பிறகு எறி. குதிக்காதே. பாசத்தால் குதிப்பவர்கள்தான் அதிகம் போகிறார்கள். மூழ்குகிறவன் கையில் அகப்பட்டதைப் பிடித்து அமுக்குவான். அண்ணனாக இருந்தாலும் அமுக்குவான். அது அவன் குற்றமில்லை.

தோணியிலோ படகிலோ ஏறுவதென்றால் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி கேளுங்கள். இல்லை என்றால் ஏறாதீர்கள். பிள்ளைக்குப் போட்ட பிறகு அங்கியின் தோளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். நாடிக்கு மேலே போனால் அது பெரிது, தண்ணீரில் கழன்றுவிடும். கையில் மாட்டுகிற காற்றுப் பை, நீச்சல் டியூப் எல்லாம் விளையாட்டுச் சாமான். ஒரு முள் குத்தினால் முடிந்தது. போத்தலை இடுப்பில் கட்டுவதும் உயிர்காப்பு அங்கி ஆகாது. மயங்கினவரின் முகத்தை அது மேலே திருப்பாது.

கடைசியாக விசிலும் சிவப்புத் துண்டும். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கிற நேரமெல்லாம், பெரியவர்கள் இருவர் கரையில் நிற்பார்கள். கழுத்தில் விசில், தோளில் சிவப்புத் துண்டு. பதினைந்து நிமிடத்துக்கு ஒருதரம் ஆள் மாற வேண்டும். துண்டு தோளில் இருக்கும்வரை போன் இல்லை, பேச்சு இல்லை, சமையல் இல்லை. மூழ்குகிற பிள்ளை சினிமாவில் போலக் கத்தாது. வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது எப்படிக் கத்தும்? சத்தமில்லாமல்தான் போகும். ஆண்களுக்கு ஒரு வார்த்தை. போத்தல் எடுத்தவர் அன்றைக்குத் தண்ணீரில் இறங்கவும் கூடாது, துண்டு போடவும் கூடாது. கோபிக்க வேண்டாம், இது குழு எடுத்த முடிவு.

எடுத்த பிறகு

தண்ணீரிலிருந்து எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கக் கூடாது, தலையில் வைத்துச் சுற்றக் கூடாது, வயிற்றை அமுக்கக் கூடாது. அதில் போகிற ஒவ்வொரு நிமிடமும் மூச்சில்லாத நிமிடம். மல்லாக்கப் படுக்க வைத்து மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து நெஞ்சு எழும்ப ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து வேகமாகவும் பலமாகவும் 30 தடவை அமுக்கி, 2 தடவை ஊதுங்கள். பெரியவருக்கு ஐந்து சென்ரிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. அம்புலன்ஸ் வரும்வரை விடாதீர்கள். ஒருவர் செய்யும்போது மற்றவர் 1990க்கு அழைக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

வாகனமே தண்ணீருக்குள் போனால்? 2023 ஜூலை 9ஆம் திகதி, மன்னம்பிட்டியில் ஒரு பஸ் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்து பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவு மாவடிப்பள்ளியில் மதரஸா மாணவர்களை ஏற்றிப் போன உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுப் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். இரண்டும் நாம் போகிற கிழக்குப் பக்கத்தில் நடந்தவை. ரோட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடினால் வாகனம் இறங்கக் கூடாது. முழங்காலளவு ஓடுகிற தண்ணீர் ஒரு வாகனத்தைத் தூக்கிவிடும். விழுந்துவிட்டால் போனைத் தேடாதீர்கள். பெல்ட்டைக் கழற்று, ஜன்னலைத் திற அல்லது உடை, பிள்ளைகளை முதலில் வெளியே தள்ளு. கண்ணாடி உடைக்க ஒரு சின்னச் சுத்தியலை சாரதி ஆசனத்தின் பக்கத்தில் கட்டி வைத்திருக்கிறோம்.

முடிக்கிறோம்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். நான்கில் ஒருவர் அளவில் ஐந்து வயதுக்கும் குறைந்த பிள்ளைகள். அதே 2021இல்தான் ஐக்கிய நாடுகள் சபை, ஜூலை 25ஆம் திகதியை இதைத் தடுப்பதற்கான உலக தினமாக்கியது. அது பெரும்பாலும் நம்ம ஆடிமாதப் பயணக் காலத்தில்தான் வருகிறது. மூன்று இலட்சம் என்ற கணக்கு நமக்குப் பிடிபடாது. ஒன்று என்ற கணக்கு நம்ம தோட்டத்துக்குப் பிடிபடும்.

அந்த அண்ணனின் மகனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. இந்த ஆடி அமாவாசைக்கு அவன் நம்மோடு மாமாங்கம் வருகிறான், தன் தகப்பனுக்காகத் தீர்த்தமாட. அம்மாவும் வருகிறார். இந்தக் கேன்களில் நான்குக்குக் கயிறு முடிந்தவர் அவர்தான். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று அவர் காலால் மிதித்து இழுத்துப் பார்த்ததை நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்தோம்.

போகும்போது வானில் ஏறுகிறவர்களைப் பேர் சொல்லி எண்ணுவோம். தண்ணீரில் இறங்கும்போது எண்ணுவோம், ஏறும்போது எண்ணுவோம். திரும்பி வந்து லயத்து வாசலில் இறங்கும்போது கடைசியாக எண்ணுவோம். பெரட்டில் பேர் விழுவது போல ஒவ்வொரு பேரும் விழ வேண்டும்.

நாளைக்கு நாலரை மணிக்கு மைதானத்துக்கு வாருங்கள். கேன் எறிந்து பழகுவோம்.